மணலுக்குள் புதைத்த மண்ணெண்ணெய்

வள்ளத்து எஞ்சின் திருத்திப் பிழைக்கிற சகபாவிகளே, பல்லைக் கடித்துக் கடித்து உங்களுக்கும் தாடை நோகுதா? எனக்குப் பதினேழு வயது. மாமா படகேறி இந்தியா போனதிலிருந்து உப்புக்குளத்துப் பட்டறை என் கையில். என்னை விசராக்குவது ஒரேயொரு எஞ்சின், வள்ளத்து முதலாளி சந்தியாப்பிள்ளைச் சம்மாட்டியுடையது. அந்த வள்ளத்தில்தான் என் அண்ணன் தொழிலுக்குப் போகிறான். எஞ்சின் நின்றால் வள்ளம் நீரோட்டத்தில் இழுபட்டு நேவி நிற்கிற பக்கம் போய்விடும். அவங்கள் சுட்டுப்போட்டுத்தான் ஆரெண்டு கேட்பாங்கள்.

பில்டர்

எஞ்சின் இருமுகிறதென்று சம்மாட்டி கொண்டுவந்தார். மூடியைக் கழற்றினால் பில்டரையே காணோம்! குழாயை நேரே சொருகி, செருப்பு வாரால் கட்டிவைத்திருந்தது. எந்த மடையன் கழற்றினதென்று கேட்டேன்.

"நான்தான் தம்பி கழட்டினனான். அது கிடந்தால் எண்ணெய் சுணங்கி வருது. கிழமைக்குக் கிழமை கழுவச் சொல்லுறாய், அது என்ன நான் போடுற சேட்டே?"

சாரம்

ஆமி சோதனையில் பறித்துவிடும் என்று மண்ணெண்ணெய்ப் பரலைக் கரையில் வலை வைக்கிற வாடிக்குப் பின்னால் மணலில் புதைத்திருந்தார் சம்மாட்டி. வாய்க்கு மூடியில்லை, ஒரு துணிப் பந்து. மாரி மழை முழுக்க உள்ளே. எஞ்சினுக்குள் கிடந்ததைப் போத்தலில் ஊற்றிக் காட்டினேன்: மேலே எண்ணெய், கீழே மூன்று விரல் தண்ணீர். ஒரு நாள் அசையாமல் வைத்து மேலெண்ணெயை மட்டும் எடுங்கோ என்றேன். சாரத்தை நாலாக மடித்து வடித்ததாகச் சொன்னார். மணலைத்தான் சாரம் பிடிக்கும், தண்ணியைப் பிடிக்குமா என்று கத்தினேன்.

"கத்தாதை தம்பி. நல்ல புதுச் சாரம் அது, கோயிலுக்குக் கட்டுறது."

குரல்

மூன்றாம் நாள் காலை கரைக்குப் போனேன். பரலின் அடி மண்டியை அண்ணனும் வேறு மூன்று பேரும் டாங்கிக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். போகாதை என்று அண்ணனிடம் கெஞ்சினேன். "நான் போகாட்டில் வேற ஆளைப் பிடிச்சிடுவார்" என்றான்.

ஊரில் எல்லாருடைய குரலும் எனக்கு வரும். பாதரின் குரலில் அண்ணனைப் பூசைக்கு எழுப்பி அடியும் வாங்கியிருக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. வாடிக்குப் பின்னால் ஒளிந்து, மூக்கை இறுக்கிச் சம்மாட்டியின் குரலில் உரக்கக் குழறினேன்: "டேய், வள்ளத்தை இறக்காதேங்கோ! டாங்கியை மீன் பேசினுக்குள்ள கவிழுங்கோ!"

கவிழ்த்தார்கள். எண்ணெய்க்குக் கீழே தண்ணீர் தகடாகக் கிடந்தது. அண்ணன் தோளிலிருந்த வலையை இறக்கி மணலில் போட்டான். மற்ற மூன்று பேரும் வள்ளத்தை விட்டு இறங்கினார்கள். நானும் வாடிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். அந்நேரம் பார்த்து, என் குழறலைக் கேட்டு, துடுப்பும் கையுமாக நிசச் சம்மாட்டி வந்து சேர்ந்தார். பேசினைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அது கிடக்கட்டும். நான் அப்பிடியேடா மூக்கால கதைக்கிறனான்?"

எந்த எஞ்சினுக்கும் அளவான ஸ்பனர் என் பெட்டியில் இருக்கிறது, சம்மாட்டிமாரின் மண்டைக்கு அளவானதைத்தான் இன்னும் ஒருத்தனும் செய்து விற்கவில்லை.