வயர் இல்லாத பாயின்ட்

போன வாரம் எங்கள் ராயபுரம் வீட்டுக் கூடத்தில் சலீம் ஸ்குரூ டிரைவரை வைத்து ஒரு நெம்பு நெம்பியதும், மஞ்சளேறிப்போன டிவி ஏரியல் பாயின்ட் கையோடு வந்துவிட்டது. அறைக்கு ஒன்றாக வீட்டில் மொத்தம் நான்கு. அவற்றைப் பிடுங்கிவிட்டு அதே இடங்களில் இன்டர்நெட் பாயின்ட் வைக்க வேண்டும் என்பது என் மகளின் உத்தரவு. தண்டையார்பேட்டையிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் சலீம், ஓட்டைக்குள் செல்போன் வெளிச்சத்தை அடித்தார்.

"சார், இதுல வயரே இல்ல சார். வெறும் பொட்டி."

"நல்லா பாருங்க, உள்ள போயிருக்கும்."

"எங்க சார் போவும்? பைப்பே இல்ல. செங்கல்லுதான் கீது."

நான்கில் மூன்று அப்படித்தான். உள்ளறையில் இருந்தது மட்டும் நிஜமான பாயின்ட். பிய்த்த சுவரிலிருந்து பழைய சுண்ணாம்பும் கடல் உப்பும் கலந்த வாசனை வந்தது. அந்த வாசனைக்குப் பின்னால் அப்பா நினைவில் வந்தார்.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். உயரத்தில் உட்கார்ந்து வேலை செய்ததாலோ என்னவோ, அவருக்கு எல்லாமே தொலைநோக்குதான். ஒரே ஒரு டிவி வாங்கிய கையோடு நான்கு அறைகளுக்கும் பாயின்ட் போடச் சொன்னார். "நாளிக்கு ரூமுக்கு ஒரு டிவி வரும், பாத்துகினே இரு." ஏரியல்காரர் வேலை செய்த இரண்டு நாளும் அப்பா நாற்காலி போட்டுப் பேப்பர் படித்தபடி மேற்பார்வை பார்த்தார். அந்த மேற்பார்வையின் தரம் போன வாரம்தான் தெரிந்தது. ஒரே டிவி, அதுவும் உள்ளறையிலேயே கிடந்ததால், மற்ற மூன்றைச் சோதிக்கும் அவசியம் யாருக்கும் வரவில்லை. ஒரே ஒரு நாளைத் தவிர.

அந்த நாளின் தேதி என் டைரியில் இருக்கிறது. இதுவரை யாரும் கேட்டதில்லை, நானும் வற்புறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பது மட்டும் போதும்.

அன்று அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். அதற்கு முன் வந்த இரண்டு பேரை அக்கா அழுதே விரட்டியிருந்தாள். "இந்த தபா அழுதாலும் வுட மாட்டேன், இதான் கடைசி" என்று அப்பா சொல்லிவிட்டார். காபித் தட்டோடு வந்து நிற்கலாம், உள்ளே போகலாம். மாப்பிள்ளையோடு பேசக் கூடாது. ஒரு ஆயுளுக்கான முடிவுக்கு அது தாராளம் என்பது எங்கள் வீட்டு அபிப்பிராயம். எனக்கு அப்போது வேலை கிடைத்து மூன்று மாதம். ஆகவே நானும் பெரிய மனிதன். நானும் அவளை எதுவும் கேட்கவில்லை.

மாப்பிள்ளை எண்ணூரில் ஃபிட்டர், வீடு திருவொற்றியூர். பெருமைக்காக அப்பா டிவியைக் கூடத்துக்கு மாற்றி, கூடத்துப் பாயின்டில் சொருகி வைத்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மா பஜ்ஜியை முடித்துவிட்டு, "படம் போட்ற நேரமாச்சே, பாத்துட்டே போலாம்" என்றார். அப்பா கம்பீரமாக ஸ்விட்சைத் தட்டினார். திரை முழுக்கப் புள்ளி.

அந்தக் காலத்தில் புள்ளி வந்தால் எல்லா வீட்டிலும் ஒரே வைத்தியம்தான். ஒருவர் மொட்டைமாடிக்குப் போய் ஏரியல் குழாயைத் திருப்புவார், ஒருவர் டிவி முன்னால் நிற்பார். நடுவே மாடிப்படித் திருப்பத்தில் ஒருவர் நின்று செய்தியை மேலும் கீழும் கடத்துவார். எங்கள் வீட்டில் படித்திருப்பம் அக்காவுடையது.

"நான் பாத்துக்கறேன்" என்று மாப்பிள்ளை மாடிக்கு ஓடினார். நான் டிவி முன்னால். பதற்றத்தில் அப்பா தான் போட்ட சட்டத்தையே மறந்து அக்காவைப் பார்த்துக் கத்தினார்: "இன்னா நிக்கற? போய் படியில நில்லு!"

"இப்போ?" என்றார் மேலிருந்து மாப்பிள்ளை.

"புள்ளி!" என்றேன் நான்.

"கோடு வருதுங்க! இன்னும் கொஞ்சம் கடல் பக்கம்!" என்றாள் அக்கா.

"இப்போ?"

"புள்ளிதான்!"

"மூஞ்சி தெரியுது! அப்டியே புட்சிகினு நில்லுங்க!"

அரைமணி நேரம். ஒரு கிரேன் ஆபரேட்டர், ஒரு ஃபிட்டர், விஞ்ஞானத்தில் நல்ல மார்க் வாங்கிய நான். டிவியைப் பழையபடி உள்ளறையில் வைத்துப் பார்க்கலாம் என்று மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்கள் போனபின் உள்ளறைக்குத் தூக்கிப் போனோம், படம் வந்தது. "காத்து அடங்கிச்சு" என்றார் அப்பா. சமையலறையில் அம்மா, "இன்னாடி சொல்ற?" என்று பயந்துகொண்டே கேட்டாள். அக்கா அழவில்லை. "சரிம்மா" என்றாள்.

அன்றைய டைரியில் என் கையெழுத்து அழகாக இருக்கிறது: 'படம் வரவில்லை. காரணம் கடற்காற்று. அக்காவுக்குச் செய்தியைச் சரியாகக் கடத்தத் தெரியவில்லை.'

சலீம் டீ குடிக்கப் போனதும் அக்காவுக்குப் போன் போட்டேன். நாற்பது வருடத்துக்கும் மேற்பட்ட புதிரைக் கண்டுபிடித்த பெருமை எனக்கு.

"அக்கா, கூடத்துப் பாயின்டுல வயரே இல்ல!"

"அத்த இப்பத்தான் பாத்தியாடா?"

"உனக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும். ஏரியல்காரருக்கு நான்தான டீ குட்த்தேன். வயரு தீந்துச்சும்மா, அப்பாலிக்கா வந்து போட்றேன்னுட்டு மூடிட்டுப் போனாரு. வரவேயில்ல."

"அப்ப கோடு வருதுன்னு ஏன் கத்தின?"



"நம்ம வூட்ல ரெண்டு தபா கேட்டா மூணாவது தபா எரிஞ்சு வுழுவீங்க. அந்தாளு எப்டின்னு நான் எங்க போய் கேக்கறது? பஜ்ஜில உப்பு இருக்கான்னு கேட்டீங்க, டிவி தெரியுதான்னு கேட்டீங்க. என்னிய ஒருத்தனும் கேக்கல. அதான் மேல நிக்க வெச்சுப் பாத்தேன். எத்தினி தபா இப்போ இப்போன்னாரு! ஒரு தபா கூட கொரலு ஏறலடா."

"மாமாகிட்ட சொல்லட்டா?"

"வாயத் தொறக்காத. அன்னிக்கு காத்து சரியில்லன்னுதான் இன்னிக்கு வரிக்கும் சொல்லிகினு கீறாரு."

டைரியை எடுத்து அந்தக் கடைசி இரண்டு வரிகளையும் அடித்தேன். ஆதாரத்தோடு எழுதுகிறவன் என்று இத்தனை வருடம் பீற்றிக்கொண்டதற்கு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டேன்.

இரண்டே நாளில் வேலை முடிந்தது. இந்த முறை நான் பேப்பர் படிக்கவில்லை, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வயரைத் தொட்டுப் பார்த்த பிறகே மூடச் சொன்னேன். ரவுட்டரை எங்கே வைப்பது என்று கேட்டதற்கு, "படி திருப்பம்தான் சார் சென்டரு, மேலயும் கீயவும் நல்லா எடுக்கும்" என்றார் சலீம். அங்கேயே மாட்டினார்.

ஏரியல் எப்போதோ துருப்பிடித்து விழுந்துவிட்டது, குழாயில் துணி காய்கிறது. நேற்று மாலை நெட் போனது. மகள் ஓர் அறையில், மருமகன் ஓர் அறையில், மனைவி சமையலறையில், நான் கூடத்தில். நான்கு பேரும் அவரவர் கையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம். படித்திருப்பத்தில் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. "இப்போ?" என்று கேட்க மாடியில் ஆள் இல்லை. வராத படத்தை வருகிறது என்று சொல்லப் படியிலும் ஆள் இல்லை.