மத்தேயு பட்டியலும் பெரியப்பா விசாரணையும்

போன வாரம் ஒரு காலையில் எங்கள் தேவாலயப் பங்கின் வாட்ஸ்அப் குழுவில் நற்செய்தி பற்றி ஆடியோவில் பேசினேன். நல்ல விஷயம்தானே என்கிறீர்களா? அந்தப் பேச்சால் என் மகளின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

பதறாதீர்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

சிங்காநல்லூர் பக்கம் இருக்கிற எங்கள் கோவிலில் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால், தினமும் காலைப் பூசைக்கு முன்னால் ஒரு வீட்டுக்காரர் அன்றைய நற்செய்தியைப் பற்றி ஒரு சிந்தனை பேசி அனுப்ப வேண்டும். யாருக்கு எந்த நாள் என்பது திருவுளச் சீட்டு. பங்குத்தந்தை ஒரு பிஸ்கட் டப்பாவைக் குலுக்கி நீட்டுவார். எடுத்தது எடுத்ததுதான். மாற்றிக்கேட்டால், "தூய ஆவியார் குடுத்ததும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் டப்பாவை நீட்டிவிடுவார்.

பிலோமினா அக்காவுக்கு வானதூதர் மரியாவுக்கு மங்கள வார்த்தை சொன்ன நாள் விழுந்தது. கொடுத்துவைத்தவர். எதிர்வீட்டு ராபர்ட்டுக்கு யோசேப்பின் கனவு. தூக்கத்தைப் பற்றிப் பேச எங்கள் பங்கில் அவரைவிடத் தகுதியானவர் கிடையாது.

எனக்கு? டிசம்பர் பதினேழு.

கத்தோலிக்க வாசகர்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அன்றைய நற்செய்தியில் கதை கிடையாது, உவமை கிடையாது, ஒரு ஆட்டுக்குட்டிகூடக் கிடையாது. மத்தேயு எழுதிய வெறும் பெயர்ப்பட்டியல். ஆபிரகாமின் மகன் ஈசாக்கு, ஈசாக்கின் மகன் யாக்கோபு என்று ஆரம்பித்து அம்மினதாபு, நகசோன், செருபாபேல் என்று இயேசு வரைக்கும் போகும். வாசிக்கிற சாமியாருக்கே நாக்கு சுளுக்கிக்கொள்ளும். கேட்கிறவர்கள் கொட்டாவியை ஜெபப் புத்தகத்தால் மறைத்துக்கொள்வார்கள்.

சீட்டைப் பிரித்ததும் சுற்றி நின்ற எல்லோர் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி! "நீதான் பத்திரிகையில எழுதறவளாச்சே ஸ்டெல்லா, உனக்கென்ன" என்று பிலோமினா அக்கா முதுகில் வேறு தட்டினார்.

இதே சமயத்தில் வீட்டில் இன்னொரு பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது...

என் மகள் ரீனாவும் அவளோடு வேலை பார்க்கிற அலெக்ஸும் கல்யாணம் செய்துகொள்வதாக முடிவு செய்துவிட்டார்கள். எனக்கும் என் கணவர் சேவியருக்கும் சம்மதம். அலெக்ஸின் அம்மா மேரிக்கும் சம்மதம். அப்புறம் என்ன? பெரியப்பா இருக்கிறாரே!

அலெக்ஸுக்கு அப்பா இல்லை. அப்பாவின் அண்ணன் லூர்துசாமிதான் அந்தக் குடும்பத்துக்கு எல்லாம். பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பம்புக்கு உதிரிபாகம் செய்கிற பட்டறை வைத்திருக்கிறார். அதைவிட அவர் பிரபலம் இன்னொரு விஷயத்தில். சம்பந்தம் விசாரிப்பதில். மேட்டுப்பாளையம் ரோட்டில் எந்தக் கத்தோலிக்கர் வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முடிவாகாதாம். அவர் "சரி" என்று சொன்னால்தான் அலெக்ஸ் மோதிரம் வாங்க முடியும்.

திருவருகைக் காலத்தில் கோவிலில் கல்யாணம் நடத்த மாட்டார்கள். ஆனால் விசாரணைக்குத் திருச்சபை தடை எதுவும் போடவில்லை. போட்டிருக்கலாம்.

"ஏனுங்க அம்மிணி, லூர்துசாமி பேசறனுங்க. உங்க ஊட்டுக்காரர் வழி எல்லாம் வெசாரிச்சாச்சுங்க. அவுங்க தாத்தன், பாட்டன், அதுக்கு மேல வரைக்கும் தெரிஞ்சுபோச்சு. உங்கப்பா வழியும் ஆச்சுங்க. உங்கம்மா எந்த ஊருங்க?"

"கோயமுத்தூர்தானுங்கண்ணா."

"கோயமுத்தூர்ல எங்கீங்க? யாரு ஊட்டு மக்க?"

நான் அடுப்பில் பால் பொங்குவதாகச் சொல்லி போனை வைத்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் போன். மறுபடியும் பால் பொங்கியது. மூன்றாவது முறை அவரே, "ஏனுங்க அம்மிணி, அடுப்புல பால் இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

எனக்குச் சொல்ல வெட்கமில்லை. கோபம். என் அம்மா கன்னியர் மடத்து வாசலில் கிடைத்த குழந்தை. ஊர், பேர், அப்பன், ஆத்தா எதுவும் தெரியாது. சிஸ்டர்கள் வளர்த்தார்கள், படிக்கவைத்தார்கள், என் அப்பாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். "யாரு ஊட்டு மக்க" என்கிற ஒரு கேள்விக்கு ஆயுசு முழுக்க அம்மா தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தே நான் வளர்ந்தேன். அம்மா இறந்து இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கேள்வி விடாமல் போன் போட்டு வருகிறதே என்று எரிச்சல்.

உண்மையைச் சொன்னால் ரீனா கல்யாணம் நிற்கும். சொல்லாவிட்டால் பால் பொங்கிக்கொண்டே இருக்கும். இந்த மனநிலையில்தான், வாசகர்களே, நான் மத்தேயு பட்டியலைக் கையில் எடுத்தேன்.

பட்டியலை நிதானமாகப் படித்தால்... அடடா! மத்தேயு சாதாரண ஆள் இல்லை. ஆண்களாக அடுக்கிக்கொண்டே வந்தவர், நடுநடுவே சில பெண்களைச் செருகிவைத்திருக்கிறார். யாரைத் தெரியுமா? நம் ஊரில் ஜாதகத்தோடு போட்டோவையும் சேர்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்களே, அந்த மாதிரிப் பெண்களை.

போனை வாய்க்கு நேராகப் பிடித்தேன். பேசினேன்.

"இயேசு குடும்பத்தப் பத்தி வெசாரிக்கப் பெரியநாயக்கன்பாளையத்துல இருந்து ஒரு பெரியவர் போயிருந்தா என்னங்க ஆயிருக்கும்? தாமாருங்களா? மாமனாரையே ஏமாத்துன பொம்பளைங்க, வேண்டாமுங்க. இராகாபா? ஐயையோ, அந்தம்மா செஞ்ச தொழிலே வேறயாச்சுங்களே. ரூத்தா? வேற ஊரு, வேற சாமி, ஒத்துவராதுங்க. உரியாவோட சம்சாரமா? அது தாவீது ராஜா ஊட்டுச் சங்கதி, வெளிய பேசப்படாதுங்க. எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டு மரியாவக் கட்டுன சூசையப்பர் வரைக்கும் வந்தா, கொழந்த அவருக்குப் பொறக்கலைங்கறாரு மத்தேயு! பெரியவர் துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு அடுத்த பஸ்ஸப் புடிச்சிருப்பாரு. நமக்கு மீட்பரே கெடச்சிருக்க மாட்டாருங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை.

"எங்கம்மா பேரு லூசியா. மடத்து வாசல்ல கெடச்சாங்க. அன்னிக்குப் புனித லூசியா திருநாளு, அதனால அந்தப் பேரு. அதுக்கு மேல யாருன்னு எங்களுக்குத் தெரியாதுங்க. ஆண்டவருக்குத் தெரியும். அது பத்தாதுங்களா?"

கடைசி வரியில் குரல் உடைந்துவிட்டது. அழித்துவிட்டு மறுபடி பேசியிருக்கலாம். பேசவில்லை. அனுப்பிவிட்டேன்.

பூசை முடிவதற்குள் குழுவில் கைகூப்பும் படங்கள் குவிந்தன. கண்ணீர் விடும் படங்களும். ராபர்ட்கூட அன்று விழித்திருந்து கேட்டதாகச் சொன்னார். எழுத்தாளருக்கு வேறென்ன வேண்டும்? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்து காப்பி போட்டேன்.

பிலோமினா அக்காவுக்கு ஒரு நாத்தனார். அவர் குடியிருப்பது எங்கே? பெரியநாயக்கன்பாளையத்தில்!

நல்லது எதைக் கேட்டாலும் நாலு பேருக்கு அனுப்பாமல் இருக்க முடியாது அக்காவுக்கு. அனுப்பினார். நாத்தனார் தங்கள் பங்குக் குழுவில் போட்டார். யார் அந்தப் பெரியவர் என்று அங்கே ஆராய்ச்சி நடந்திருக்கிறது. ஆராய்ச்சி அதிக நேரம் எடுக்கவில்லையாம். ஊரில் அந்த வர்ணனைக்குப் பொருந்துகிறவர் ஒருவர்தான்.

சாயங்காலம் ரீனா ஆபீஸிலிருந்து வந்தாள். ஹேண்ட்பேக்கைக்கூடக் கழற்றவில்லை.

"ஏம்மா, ஒரு பெரியவர்னு பொதுவா சொல்லக் கூடாதா? ஊர் பேரு எதுக்கு?"

"எழுத்துல எடம் முக்கியம் கண்ணு. அப்பத்தான் நம்பகமா இருக்கும்."

"ரொம்ப நம்பகமா இருந்துச்சாம். அலெக்ஸ் சொன்னான், அவங்க பெரியப்பா ஆடியோவ மூணு தடவ கேட்டாராம். அப்புறம் யாரோடயும் பேசாம உள்ள போயிட்டாராம்."

சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. அதுவரை எனக்கு இருந்த எழுத்தாளர் கர்வமெல்லாம் வடிந்துபோயிற்று. கிறிஸ்துமஸ் குடிலுக்கு மரத்தூளில் பச்சைச் சாயம் கலந்துகொண்டிருந்த சேவியர் திரும்பிப் பார்த்தார். இரண்டு கையும் பச்சை.

"ஏம்புள்ள, வாரா வாரம் எழுதறது பத்தலீன்னு இப்பப் பேச வேற ஆரம்பிச்சுட்டியா?"

பெரியப்பாவிடமிருந்து போன் வரவில்லை. நானும் அடுப்பில் பால் வைக்காமல் காத்திருந்தேன். காத்திருப்பின் காலம் என்று திருவருகைக் காலத்தைச் சொல்வார்கள். இப்படிக் காத்திருக்கச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை அலெக்ஸின் அம்மா மேரி கூப்பிட்டார். "அக்கா, பெரியவரு நாளைக்குப் பூச முடிஞ்சு உங்க ஊட்டுக்கு வரோணும்ங்கறாரு. என்ன ஏதுன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறாரு. நானும் கூட வாரேன்."

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் உறுதியாகும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். காப்பிகூடக் குடிக்க மாட்டார்கள். எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் கொங்கு நாட்டில் இது பொதுச் சட்டம். அதிலும் இவர் சண்டைக்கு வருகிறவர். விருந்தா சமைப்பேன்? எங்களுக்கு மட்டும் அரிசிம்பருப்பு சாதமும் அப்பளமும் செய்து மூடிவைத்தேன்.

வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் பைபிள். பின்னாலேயே மேரி. ஆடியோவுக்குப் பதில் சொல்லத்தான் பைபிளோடு வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். சேவியர் நாற்காலியைத் துடைத்தார். துடைத்த நாற்காலியை மறுபடி துடைத்தார். ரீனா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"அம்மிணி, உங்க பேச்சுல ஒரு தப்பு இருக்குதுங்க."

"மன்னிச்சுக்குங்கண்ணா, நான் வேணும்னு..."

"நா எதுக்குங்க பஸ்ஸப் புடிக்கறேன்? எங்கிட்டக் காரு இருக்குது."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை.

அவர் பைபிளைப் பிரித்தார். "நீங்க என்னெயச் சொல்லிப்போட்டீங்கன்னு கோவந்தானுங்க. இல்லீங்கல. நீங்க என்ன தப்பாச் சொல்லியிருக்கறீங்கன்னு கண்டுபுடிக்கலாமுன்னுதான் இந்தப் பட்டியல எடுத்து உக்காந்தனுங்க. பதினாலு பதினாலு தலமொறையா மூணு பாகம்னு மத்தேயு எழுதியிருக்காருங்களா? மொத ரெண்டுல பிரச்சன இல்லீங்க. மூணாவதுல எண்ணிப் பாத்தா பதிமூணுதான் வருது."

"பதிமூணுங்களா?" என்றார் சேவியர்.

"பதிமூணுங்க. நானும் வெரல் விட்டு எண்ணுனேன், எங்க ஊட்டுல எல்லாத்தையும் எண்ண வெச்சேன். பட்டற மேஸ்திரி பழனிச்சாமி பழனிக்கு மால போட்டிருக்காப்ல, அவரையும் எண்ணச் சொன்னனுங்க. அவருக்கும் பதிமூணுதான் வந்துது. சாமியாருகிட்டப் போயிக் கேட்டேன். அதுக்கு நெறைய வெளக்கம் இருக்குதுன்னு சொல்லிப்போட்டு, கிறிஸ்துமஸ் கேக்குக்குச் சொல்லியாச்சான்னு கேக்கறாருங்க."

எனக்கு எங்கே போகிறார் என்று பிடிபடவில்லை. பெரியவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார்.

"இத்தன வருசமா எத்தனையோ ஊட்டு வம்சத்த வெசாரிச்சிருக்கறனுங்க. ஒரு பேரு கொறஞ்சாலும் வேண்டாம்னு சொல்லிப்போடுவேன். இப்ப ஆண்டவரு வம்சத்துலயே ஒரு பேரக் காணமுங்க. அங்க காணாமப் போன ஆள நா போயி வெசாரிக்க முடியுமுங்களா? அப்புறம் உங்கம்மாவப் பெத்தவங்க யாருன்னு கேக்க நா யாருங்க?"

துடைத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

மேலும் சொன்னார். "கல்யாணப் பத்திரிக அடிக்கறப்ப, லூசியா அம்மா பேத்தின்னு போட்டுப்போடுங்க. எங்க பக்கம் பாட்டன் முப்பாட்டன்னு வரிசையா வருதுங்க, எல்லாம் பொடி எழுத்துலதான் போடோணும். உங்கம்மா பக்கம் ஒரே பேருதானுங்க. நல்லாப் பெரிய எழுத்தாவே போட்டுக்கலாம்."

அழுதேன். மேரியும் அழுதார். கதவுக்குப் பின்னாலிருந்தும் மூக்குறிஞ்சும் சத்தம் வந்தது. எந்தக் கேள்விக்கு அம்மா தலையைக் குனிந்தாரோ, அதே கேள்வியைக் கேட்டவர் வாயாலேயே அம்மா பெயர் பெரிய எழுத்துக்கு ஏறிவிட்டது. இதை அம்மா கேட்டிருக்க வேண்டும்.

மற்றபடி பெரியவர் ஒரேயடியாக மாறிவிட்டார் என்று நினைக்காதீர்கள். காணாமல் போன அந்த ஒருவரைத் தேடி இப்போது ஊர் ஊராகச் சாமியார்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறாராம். அவர் நம்பரைப் பார்த்தாலே பல பங்குகளில் பால் பொங்குகிறதாகக் கேள்வி.

அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார்.

"எல போடுங்க அம்மிணி. கை நனச்சர்லாம்."

சம்பந்தி வீட்டாருக்கு முதல் சாப்பாடு... பாயசம் இல்லை, கறி இல்லை, அப்பளமும் நமுத்துப்போயிருந்தது! ஓடிப்போய் இலை அறுத்து வந்தேன். அரிசிம்பருப்பு சாதத்தை வைத்து, மேலே நெய்யை ஊற்றி, கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். ஒரு வாய் எடுத்து வைத்தார். மென்றார். யோசித்தார்.

"உப்புப் பத்தலீங்க அம்மிணி."

அந்நியர் யாராவது அப்படிச் சொல்வார்களா என்ன... சொந்தமாகிவிட்டார்!