தோலோடு தின்றவள்

அம்மாவும் மகனும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஓர் ஆப்பிளை நறுக்கியது. அம்மா கத்தியைப் பிடித்தாள், மகன் தட்டைப் பிடித்தான். வழக்கம்போல் அவன் ஒரு துண்டைக் களவாடினான். வழக்கம்போல் புறங்கையில் அடி விழுந்தது.

"கழுவின கையாடா அது?"

"கழுவினதுதாம்மா."

"பொய் சொல்ற. ஈரமே இல்ல."

மகன் ஆய்வுக்கூடக் கருவிகளைச் சரிபார்ப்பவன். அளந்து பார்க்காததை நம்பமாட்டான். அம்மா பழக் கிடங்கில் வேலை பார்த்தாள். கணவன் போன பிறகு சேர்ந்த வேலை. குளிரில் விரல் விறைக்க நின்று, ஓடும் பெல்ட்டில் அடிபட்ட ஆப்பிள்களைப் பொறுக்கி எடுக்க வேண்டும். யார் கெஞ்சினாலும் ஒரு சொத்தைப் பழத்தை நல்ல பெட்டிக்குள் விடமாட்டாள். 'கறார் அக்கா' என்றுதான் அங்கே பெயர்.

சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் காலை பிஸ்கட்டை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் ஓர் ஆப்பிளை வைத்தாள். புளிப்பு ரகம் தின்றால் அவளுக்கு நெஞ்செரியும். அதனால் கிடங்கில் 'தேன்' என்று அழைக்கும் இனிப்பு ரகம். அளவோடு தின்னலாம் என்று மருத்துவரும் சொல்லியிருந்தார். நார்ச்சத்தில் நல்ல பங்கு தோலில் இருக்கிறது, ஜூஸாக்கினால் நார் போய்ச் சர்க்கரை வேகமாக ஏறும் என்று மகன் ஒருமுறை சொன்னான். அதன் பிறகு அவள் வீட்டில் ஆப்பிள் தோல் குப்பைக்குப் போனதில்லை. மலச்சிக்கல் தீர்ந்தது. பதினொரு மணிப் பசி அடங்கியது. அவ்வளவுதான் அவள் கண்ட பலன். அதற்கு மேல் ஒரு சொல் கூட்டிச் சொல்லமாட்டாள்.

கிடங்கு வாசலில் மேலாளர், 'சர்க்கரையை விரட்டும் தேன் ஆப்பிள்' என்று பலகை மாட்டினார். வாசல் விற்பனைக்கு நின்ற நாட்களில், வாங்க வந்தவர்களிடம் அம்மா, "அது எதையும் விரட்டாது. மாத்திரைய விட்டுடாதீங்க. பழத்த நல்லா மென்னு தின்னுங்க, நல்லது" என்றாள்.

மேலாளர் கொதித்துப் போனார். "நீ விக்கிறியா, கெடுக்கிறியா?"

"பழத்த நான் விக்கிறேன் சார். பொய்ய நீங்களே வித்துக்கங்க."

பலகை இறங்கவில்லை. அவளும் வாயை மூடவில்லை.

வீட்டில் எதிர்க்கட்சி அத்தை, அப்பாவின் தங்கை. ஒரு விடுமுறை நாளில் புதிதாக வாங்கிய சுகர் மெஷினோடு வந்து இறங்கினாள். அம்மா அப்போதுதான் ஆப்பிள் நறுக்கி முடித்து, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தாள். அத்தை அந்த விரலையே பிடித்துக் குத்தினாள். வந்த எண்ணைப் பார்த்து அலறினாள்.

"அண்ணி! இது பழமா, சக்கரை மூட்டையா? உயிரோட நிக்கிறீங்களே, அதே பெரிசு!"

கடைக்குப் போன மகன் திரும்புவதற்குள் உறவுக்காரர்கள் எல்லோருக்கும் போன் போய்விட்டது. அவன் அம்மாவின் விரலை முகர்ந்து பார்த்தான்.

"அத்தை, நீங்க அம்மாவ அளக்கல. விரல்ல ஒட்டியிருந்த ஆப்பிள் சாற அளந்திருக்கீங்க."

சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வேறு விரலில் குத்தினார்கள். மருத்துவர் சொன்ன எல்லைக்குள்தான் இருந்தது. அத்தை மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ இது கெட்டுப்போச்சு போல." பிறகு பையிலிருந்து ஒரு தோல்சீவியை எடுத்து மேசையில் வைத்தாள். "சரி, தோலையாவது சீவிட்டுத் தின்னுங்க அண்ணி. எல்லாம் மெழுகு."

"கழுவத் தண்ணி இல்லாமயா போச்சு? இத நானே உன் வீட்டுக்குக் கொண்டாந்து தரேன். அன்னைக்கு உன் கையக் கழுவவச்சு நான் குத்துறேன், இரு."

"வாங்க, வாங்க. பாத்துடலாம்."

இருவரும் சிரித்தார்கள். ஆனால் தப்பான எண் உறவு முழுக்கப் போயிருந்தது. சரியான எண் அந்த அறையை விட்டு நகரவில்லை.

அம்மா நுரையீரல் தொற்றில் இறந்தாள். சாதாரண இருமல் என்று வேலைக்குப் போய்க்கொண்டே இருந்தவள், மருத்துவமனைக்குப் போனபோது மூச்சு விடத் திணறிக்கொண்டிருந்தாள். திரும்பி வரவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் கூடத்தில் நிறைந்திருந்தார்கள். அத்தை மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். "தலப்பாடா அடிச்சிக்கிட்டேனே! கேட்டாங்களா? ஆப்பிள் தின்னுத் தின்னே போயிட்டாங்களே!"

பலர் தலையாட்டினார்கள். எல்லோருக்கும் அந்த எண் தெரியும்.

மகன் எழுந்தான். "அத்தை, அம்மா நுரையீரல் தொற்றுல போனாங்க."

"சரிப்பா, விடு. இப்ப எதுக்கு அது?"

"விடமாட்டேன். வாய்க்கு ருசி கேட்டுச் செத்தவங்கன்னு என் அம்மாவ யாரும் சொல்லக் கூடாது. அன்னைக்கு ரெண்டாவதா வந்த எண் என்னன்னு நீங்களே இவங்ககிட்ட சொல்லுங்க."

அத்தை அழுகையை நிறுத்தினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

அவனே சொன்னான், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. ஆப்பிள் அம்மாவைக் காப்பாற்றவில்லை. காப்பாற்றும் என்று அவளும் சொன்னதில்லை. அது அவளைக் கொல்லவும் இல்லை. நாளை எவர் கேட்டாலும் இதையேதான் சொல்வான்.

சமையலறைக் கதவின் பின்னால் ஒரு துணிப்பை தொங்குகிறது. அத்தை வீட்டுக்குப் போவதற்காக அம்மா எடுத்து வைத்தது. உள்ளே உறை பிரிக்காத தோல்சீவி, ஒரு தேன் ஆப்பிள், கை கழுவ ஒரு புதுச் சோப்பு. ஆப்பிள் மட்டும் சுருங்கிவிட்டது. அதற்குப் பதில் புதுப் பழம் ஒன்றை வைத்து, மகன் பையோடு அத்தை வீட்டுக்குப் போக வேண்டும்.