ஒரு டாலர் டிக்கெட்

பேஸ்பால் ஆட்டத்தை ஒருமுறைகூடப் பார்க்காமல், பத்து வயதில் ஒரு பேஸ்பால் அணியைத் திவாலாக்கியவள் நான். மலாக்கா மாநிலத்தில் எங்கள் ஊரான மெர்லிமாவில் அந்தப் பெருமை வேறு யாருக்கும் இருக்காது.

அணி மாமாவுடையது. அம்மாவின் தம்பி, ஆயர் குரோவில் ஃபேக்டரி வேலை, எங்கள் தாமான் குடியிருப்பிலேயே அடுத்த வரிசையில் வீடு. அவர் கம்ப்யூட்டரில் ஒரு லீக் ஆடினார். நிஜப் பந்தும் கிடையாது, நிஜ ஆட்டக்காரர்களும் கிடையாது. எங்கெங்கோ இருப்பவர்கள் ஆளுக்கோர் அணி வைத்துக்கொண்டு, ஆட்களை வாங்கி விற்று, டிக்கெட்டுக்கு விலை போடுவார்கள். எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு வசூல் என்று மறுநாள் காலையில் கம்ப்யூட்டரே சொல்லும். பள்ளியில் நாங்கள் ஆடிய ரவுண்டர்ஸ் மாதிரி ஏதோ ஒன்று என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. மாமா அதிலேயே குடியிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அத்தைக்குத் தொண்டை வற்றிவிடும்.

அந்த வருஷம் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக மாமா வேண்டிக்கொண்டார். நாற்பத்தெட்டு நாள் விரதம். மற்றவர்கள் கறி மீனை விடுவார்கள். மாமா அதோடு லீக்கையும் விட்டார். வீடே அசந்து போனது. அணி அநாதையாகிவிடக் கூடாதே என்று டிக்கெட் விலை போடும் வேலையை மட்டும் என்னிடம் கொடுத்தார்.

“ஃபுல்லா இருந்தா ஒரு டாலர் ஏத்து. காலியா இருந்தா ஒரு டாலர் எறக்கு. அவ்ளோதான் லா.”

முதல் ஆட்டத்துக்குப் பத்து டாலர். பாதி இருக்கை காலி. எனக்கு மனசு கேட்கவில்லை. திருவிழா எப்படி என்று எங்கள் வீட்டில் கேட்டால், நிற்க இடமில்லை, அவ்வளவு கூட்டம் என்றுதான் பதில் வரும். வசூலை யார் கேட்டார்கள்? இறக்கி இறக்கி ஒரு டாலருக்குக் கொண்டு வந்தேன். அரங்கம் நிரம்பி வழிந்தது. நிரம்பினால் ஏற்ற வேண்டும் என்ற பாதியை வசதியாக மறந்து போனேன்.

மாமா வேலைக்குப் போகும் வழியில் தினமும் எங்கள் வாசலில் மோட்டாரை நிறுத்துவார். விலையைக் கேட்டால் விரதம் கெட்டுவிடும் என்று அவராகவே ஒரு சட்டம் வைத்திருந்தார்.

“கூட்டம் எப்டிமா?”

“ஃபுல் மாமா!”

அவர் முகம் மலர்ந்துவிடும். நான் பொய் சொல்லவில்லையே.

எதற்காக வேண்டிக்கொண்டார் என்று ஒருநாள் கேட்டேன். சாமியிடம் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்றார். சாம்பியன் கோப்பைதான் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

காவடி நல்லபடியாக முடிந்தது. மறுவாரம் மாமாவும் அத்தையும் மலாக்கா டவுனில் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். அத்தை நேராக அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். மாமா முன்னறையில் உட்கார்ந்து லீக்கைத் திறந்தார். பணம் சுத்தமாக இல்லை. சம்பளம் கொடுக்க முடியாததால், அவர் உயிரையே வைத்திருந்த பந்து வீச்சாளரை லீக்கே வேறு அணிக்கு விற்றிருந்தது.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“என்னாலதான் மாமா. நீங்க சாமிகிட்ட கேட்டது என்னாலதான் கெடைக்காம போச்சு.”

மாமா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். பிறகு அறைக் கதவின் பக்கம் திரும்பி, தேவைக்கு அதிகமான சத்தத்தில், “யார் மேலயும் தப்பு இல்ல” என்றார். சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்து, அவரும் அழுதார்.

குழந்தைக்காகப் பல வருஷம் பார்த்த வைத்தியம் பலிக்கவில்லை, இனி நம்பிக்கை வேண்டாம் என்று அன்றைக்கு டாக்டர் கைவிரித்துவிட்டதை, நான் வளர்ந்த பிறகுதான் அம்மா சொன்னார். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு பந்து வீச்சாளருக்காக மாமா அழுகிறார் என்பதுதான். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நாளைக்கே டிக்கெட்டை இருபது டாலர் ஆக்கிவிடுகிறேன் என்று சமாதானம் சொன்னேன்.