ரிசல்தாரின் கொள்ளுப்பை

நியூ சவுத் வேல்ஸின் கிரவீனில் பெரியப்பா வீட்டுச் சமையலறைக் கதவின் பின்னால் ஒரு பழைய கான்வாஸ் பை தொங்கியது. குதிரையின் வாயில் மாட்டிக் கொள்ளு ஊட்டும் பை. சென்னை மாகாணத்துக் குதிரைப்படையில் ரிசல்தாராக இருந்த என் தாத்தாவிடமிருந்து குடும்பத்துக்கு எஞ்சிய ஒரே பொருள் அதுதான். வாளும் சீருடையும் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. பெரியப்பா அந்தப் பையை எடுத்துக்கொண்டுதான் பென்டில் ஹில் கடைக்குப் போவார். ரசத்துக்கு வாங்கும் கொள்ளை அதிலேயே கொட்டச் சொல்வார். "குதிரைய எங்க விட்டனீங்கள் அங்கிள்?" என்பார் யாழ்ப்பாணத்துக் கடைக்காரர். "பார்க்கிங் கிடைக்கல தம்பி, சுத்திக்கிட்டு இருக்கு" என்பார் இவர்.

குடும்ப வரலாற்றைத் தேதிவாரியாக எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. தாத்தா எந்த வருடம் படையில் சேர்ந்தார், எப்போது ரிசல்தார் ஆனார் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியப்பாவைக் குடைவேன். அவருக்கு ஆண்டுகள் நினைவில் இல்லை; குதிரைகள் இருந்தன. "உங்கப்பன் பொறந்தது முத்துவுக்குக் கால் வீங்கின வருஷம்" என்பார். முத்து, தாத்தாவின் கடைசிக் குதிரை. அந்தக் காலத்தில் இந்தியப் படைகளுக்கு நியூ சவுத் வேல்ஸிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் போயின என்று நான் படித்துச் சொன்னபோது, சற்று யோசித்துவிட்டு, "அப்ப முத்து இந்த ஊர்க்காரன். நாமதான் வந்தேறி" என்றார்.

ரிசல்தார் என்பது அன்று இந்தியருக்கு எட்டிய பெரிய பதவிகளுள் ஒன்று. ஆனாலும் நேற்றுக் கப்பலிறங்கிய வெள்ளைக்கார இளைஞனுக்கும் கீழேதான். வீட்டில் மட்டும் தாத்தா வைத்தது சட்டம். குதிரைக்குத் தண்ணீர் காட்டி, கொள்ளு வைத்து, காலைத் தூக்கிக் குளம்பைப் பார்த்த பிறகுதான் மனிதர் சாப்பிட வேண்டும். அதுவரை மனைவியும் பிள்ளைகளும் இலை போட்டுக் காத்திருப்பார்களாம். தாத்தா உள்ளே வரும்போது "ஆச்சா?" என்று கேட்பது மூத்தவரான பெரியப்பாவின் வேலை. "ஆச்சு" என்ற பதில் வந்தால்தான் சோறு. ஓய்வு பெற்றபோது முத்து படையிலேயே நின்றுவிட்டது. ஊர் திரும்பிய பிறகும் தாத்தா கொல்லைப்பக்கம் போய்ச் சற்று நின்றுவிட்டு வந்துதான் இலைமுன் உட்கார்வாராம்.

சில ஆண்டுகளுக்கு முன் பெரியப்பா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவருக்கு நினைவு குழம்பியது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். நாள்கள் போயின. இப்படியே இருந்தால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும், இந்த வயதில் அதைத் தாங்குவாரா தெரியாது என்றார் மருத்துவர். பெரியப்பாவின் மகளான அக்கா கரண்டியோடு நின்று கெஞ்சினார். பெரியப்பாவோ வாசலைப் பார்த்து, "ஆச்சா?" என்று கேட்டார்.

"எல்லாம் ஆகும்ப்பா, ஒரு வாய் வாங்கிக்கோங்க."

"ஆச்சா?"

அவர் சொல்லி நானே எழுதிவைத்த வார்த்தை. அவர் மூன்றாம் முறையும் கேட்ட பிறகுதான் எனக்கு அது விளங்கியது. கட்டிலருகே போய், "ஆச்சு" என்றேன்.

"தண்ணி?"

"காட்டியாச்சு. கொள்ளும் வச்சாச்சு."

"கால தூக்கிப் பாத்தியா?"

"பாத்தேன். வீக்கம் இல்ல."

என்னைக் கொஞ்சநேரம் சந்தேகத்தோடு பார்த்தார். பிறகு அக்காவிடம் திரும்பி, "என்னடி பாத்துக்கிட்டே நிக்கிற? போடு" என்றார்.

குழாய் தேவைப்படவில்லை. வீடு திரும்பி இன்னும் இரண்டு குளிர்காலங்கள் இருந்தார். நினைவும் தெளிந்தது.

பையை அக்கா என்னிடம் கொடுத்துவிட்டார். இப்போது எங்கள் சமையலறைக் கதவின் பின்னால் தொங்குகிறது. அதன் அடித்தையலில் நாலைந்து கொள்ளு மணிகள் சிக்கியிருக்கின்றன. முத்து மிச்சம் வைத்தவையா, பென்டில் ஹில் கடையில் வாங்கியவையா? எத்தனையோ தேதிகளைத் தேடிப் பிடித்த எனக்கு இதன் காலத்தைச் சொல்ல முடியவில்லை. போன வாரம் என் மகள் பையைக் கையிலெடுத்து, "வாஷ்ல போட்டுடவா, டாட்?" என்று கேட்டாள். வேண்டாம், எடுத்த இடத்திலேயே மாட்டு என்றேன்.