உப்புக்கொத்தி மேல் விழுந்த பழி

1. கப்பலுக்கு மூன்று நாள்

போர்ட் பிளேருக்கும் வெகு தெற்கே, கடைக்கோடித் தீவில் இருக்கும் கேம்பல் பேயில் கோழிகள் சாக ஆரம்பித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வயர்லெஸ் ஆபரேட்டர் பென்சிலால் எழுதிய ஒரு தாளை என் கையில் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். போர்ட் பிளேரில் இருந்த எங்கள் கால்நடை டாக்டரின் உத்தரவு அது. கடலோர லைன், ரோட்டு லைன் என்ற இரண்டு வீட்டு வரிசையிலும் வீட்டுக்கு எத்தனை கோழி என்று பட்டியல் எடுக்க வேண்டும். அடுத்த கப்பலில் அவரே வருகிறார். வந்த அன்றே அத்தனையையும் கொன்று புதைக்க வேண்டும். கப்பலுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

நான் அங்கே ஸ்டாக்மேன். மாட்டுக்கு ஊசி போடுவது, கோழிக்கு மருந்து ஊற்றுவது, டாக்டர் இல்லாத ஊரில் டாக்டர் மாதிரி நடிப்பது, இதுதான் ஸ்டாக்மேன் வேலை. எழுபதுகளின் தொடக்கம். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்குக் காட்டை வெட்டி நிலம் கொடுத்துக் குடியமர்த்திக்கொண்டிருந்தார்கள். பஞ்சாபிகள், தெலுங்கர், மராட்டியர், நம் ஆட்கள் சில குடும்பம். நிலம் இன்னும் விளையவில்லை. காய்கறி கப்பலில் வந்து இறங்குவதற்குள் பாதி அழுகிவிடும். கோழியும் முட்டையும்தான் வீட்டில் சத்தான சாப்பாடு. அதைக் கொல்லப் போகிறோம் என்று அந்த வீடுகளில் போய்ச் சொல்ல வேண்டியவன் நான்.

2. என் கண்டுபிடிப்பு

எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. இன்று பறவைக் காய்ச்சல் என்று பேப்பரில் போடுகிறார்களே, அதை அப்போது நாங்கள் ஃபவுல் பிளேக் என்போம். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் நீர்ப்பறவைகள் அதைக் கொண்டுவருகின்றனவா என்று மெயின்லேண்டில் ஒரு லேப் பார்க்க ஆசைப்பட்டது. உப்புக்கொத்தி, உள்ளான், சிறகி எல்லாம் கேம்பல் பே சேற்றுக் கரையில் கூட்டமாக இறங்கும். வலை கட்டிப் பிடித்து, தொண்டையிலும் ஆசனவாயிலும் பஞ்சுக் குச்சியால் ஸ்வாப் எடுத்து, கிளிசரின் பாட்டிலில் போட்டு, டிஸ்பென்சரியின் கெரசின் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். கப்பல் வந்தால் ஐஸ் வாங்கி ஃபிளாஸ்கில் அனுப்ப வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கக் கரையோர வீட்டுக் கோழிகளிலும் ஸ்வாப் கேட்டிருந்தார்கள்.

உதவிக்கு ஆள் கேட்டேன். "நீயே ஒரு வழி பண்ணு" என்று பதில் வந்தது. பண்ணினேன். பழைய காக்கி பேண்டின் ஒரு காலை வெட்டி எடுத்தேன். பறவையைத் தலைகீழாக அதில் நுழைத்தால் மூக்கு கீழே எட்டிப்பார்க்கும், வால் மேலே தெரியும், சிறகு அடங்கிவிடும். ஒற்றை ஆளாக இரண்டு ஸ்வாப்பும் எடுத்துவிடலாம். கோழிக்கும் அதே குழாய்தான். சாயங்காலம் கடல் தண்ணீரில் ஒரு அலசு அலசிக் கொடியில் போடுவேன். எங்கள் மலையாளி டாக்டர் ஒரு தடவை வந்திருந்தபோது அதைப் பார்த்துவிட்டு, "எடோ, நீ பெரிய ஆளாச்சே!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. போகிற வீட்டிலெல்லாம் அந்தக் காக்கிக் குழாயைக் காட்டிப் பெருமை அடித்தேன்.

முந்தைய கப்பலில் மெயின்லேண்டிலிருந்து கூண்டுக் கோழிகள் வந்து சில வீடுகளுக்குக் கொடுத்திருந்தார்கள். மறுநாளே நான் ஸ்வாப் எடுக்கக் கிளம்பினேன். முதல் வீடு, அந்தக் கூண்டுக் கோழி வாங்கியிருந்த செல்லம்மா அக்காவுடையது. சேலம் பக்கம். புருஷன் ஆறுமுகம், ராணுவத்தில் நாயக்காக இருந்து ரிட்டயர் ஆனவர். அக்கா கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்து, முடிந்ததும் வரக்காப்பியும் கொடுத்தார். அங்கிருந்து வரிசையாக மற்ற வீடுகள். ஆறாம் நாள் செல்லம்மா அக்கா வீட்டுக் கோழிகள் கழுத்தைத் திருகிக்கொண்டு, பச்சையாகக் கழிந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிச் செத்தன.

"எல்லாம் அந்தக் கரைப் பறவைங்க வேலைதான்" என்று ஆறுமுகம் சொன்னார். நானும் தலையாட்டினேன். டாக்டருக்கும் அப்படித்தான் செய்தி அனுப்பினேன். பறவை பறந்து பரப்புகிற நோய் என்றால் எந்த லைனும் தப்பாது. எல்லாவற்றையும் கொல்லும் உத்தரவு என் செய்தியால் வந்ததுதான்.

3. சர்தார்ஜி வீடு

பட்டியல் எடுக்கக் கிளம்பிய அன்று காலை கரையில் துப்பாக்கிச் சத்தம். கொஞ்ச நேரத்தில் ஆறுமுகம் ஒரு சாக்கைக் கொண்டுவந்து என் முன்னால் கொட்டினார். அத்தனையும் உப்புக்கொத்தி. சில இன்னும் துடித்துக்கொண்டிருந்தன.

"இந்தா, ஒன் கொலகாரனுங்க. எடுத்துக்க ஒன் குச்சிய!"

நான்கைந்தை அறுத்துப் பார்த்தேன். நெஞ்சில் நல்ல கொழுப்பு. இரைப்பை வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. செத்த கோழிகளை அறுத்தபோது அதே இடத்தில் சிவப்புச் சிவப்பாக ரத்தப் புள்ளி பார்த்திருந்தேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நோய் இருந்தாலும் பறவையிடம் வெளியே தெரியாது என்று புத்தகத்தில் படித்ததைச் சொல்லி என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

கடலோர லைனில் எல்லா வீட்டிலும் கோழி செத்திருந்தது, இல்லையென்றால் சாகக் கிடந்தது. நடுவில் ஒரே ஒரு வீடு பாக்கி. சுபேதார் பல்பீர் சிங் வீடு. ஸ்வாப் எடுக்கப் போன அன்றே அவர் படலைத் திறக்காமல் விரட்டியவர். "மேரா முர்கி கோ ஹாத் மத் லகானா!" என் கோழியைத் தொடாதே என்று தடியைக் காட்டியிருந்தார். அந்தக் கோபம் எனக்குள் இருந்தது. இன்றைக்கு என் கையில் உத்தரவு இருக்கிறது, பார்க்கிறேன் என்று போனேன்.

படலுக்கு வெளியே நின்று எட்டிப்பார்த்தேன். அவருடைய கோழிகள் முற்றத்தில் கிளறிக்கொண்டிருந்தன. கொழுகொழுவென்று இருந்தன. அவற்றுக்கு நடுவே நாலு உப்புக்கொத்தி ஓடுவதும் நிற்பதுமாகப் புழு பொறுக்கிக்கொண்டிருந்தன. ஒரே மண், ஒரே தண்ணீர்.

உத்தரவைப் படித்துச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. படலுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே சொன்னார்: "சிடியா தோ ஸப் கே கர் மே ஆயா. மேரே கர் மே பீ ஆயா. தும் ஸப் கே கர் மே கயா, மேரே கர் மே நஹி ஆயா. அப் போலோ, முர்கி கிஸ்னே மாரா?"

பறவை எல்லார் வீட்டுக்கும் வந்தது, என் வீட்டுக்கும் வந்தது. நீ எல்லார் வீட்டுக்கும் போனாய், என் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. இப்போது சொல், கோழியைக் கொன்றது யார்?

"ஸாப், வாயை அடக்கிப் பேசுங்க! நான் சர்க்கார் ஆளு!" என்று தமிழிலேயே கத்திவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் ஓட்டமும் நடையுமாகப் போனேன். கோபத்தில் என்றுதான் நினைத்தேன்.

4. ரெஜிஸ்டர்

டிஸ்பென்சரிக்கு வந்து, அந்த ஆளின் வாயை மூட வேண்டும் என்றே ரெஜிஸ்டரைத் திறந்தேன். இடது பக்கம் நான் ஸ்வாப் எடுத்த தேதி. வலது பக்கம் முதல் கோழி செத்த தேதி. செல்லம்மா அக்கா வீடு, ஆறு நாள் இடைவெளி. அடுத்த வீடு, ஆறு. அதற்கடுத்தது, ஐந்து. நான் நடந்த வரிசையிலேயே சாவும் நடந்து போயிருந்தது. நான் இன்னும் கால் வைக்காத ரோட்டு லைனில் ஒரு கோழிகூடச் சாகவில்லை. அங்கேயும்தான் பறவை இறங்குகிறது.

கொடியில் அந்தக் காக்கிக் குழாய் காய்ந்துகொண்டிருந்தது. கிட்டே போய் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். தையல் மடிப்பில் எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தது. ஐயோ என்று வாய்விட்டே சொன்னேன். கப்பல் கூண்டில் வந்த நோயை முதல் வீட்டில் வாங்கி, வீடு வீடாக நானே ஊட்டிவிட்டு வந்திருக்கிறேன். காப்பியும் குடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

அன்றும் மறுநாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். என் வேலை டெம்பரவரி. கன்ஃபர்மேஷன் பேப்பர் டாக்டர் மேஜையில் இருந்தது. நான் வாயைத் திறக்காவிட்டால் போதும். எல்லாக் கோழியும் புதையும், பழி பறவை மேல் போகும், யாரும் ரெஜிஸ்டரைக் கேட்கப் போவதில்லை. குழாயை அடுப்பில் போட்டுவிட்டால் சாட்சியும் இல்லை. இரண்டு தடவை அடுப்பு வரை கொண்டுபோனேன். பொய் சொல்லவில்லை, கொண்டுபோனேன்.

என்னைத் தடுத்தது நேர்மை என்று சொல்லமாட்டேன். ரோட்டு லைன்தான் தடுத்தது. அங்கே ஒவ்வொரு வீட்டிலும் கோழிகள் நன்றாக இருந்தன. கைபட்டுப் பரவிய நோய் என்று சொன்னால் அவை பிழைக்கும். கழுத்துத் திருகலும் பச்சைக் கழிச்சலும் ராணிக்கெட் என்ற கோழி நோய்க்கும் உண்டு; வீட்டை மூடிவைத்து, அதன் தடுப்பூசி போட்டால் போதும். சொல்லாவிட்டால் அத்தனையையும் என் கையாலேயே கொல்ல வேண்டும். அது என்னால் முடியாது என்று தெரிந்துபோயிற்று.

5. படகுத்துறையில்

கப்பலிலிருந்து படகில் வந்து இறங்கிய டாக்டரிடம் படகுத்துறையிலேயே ரெஜிஸ்டரையும் குழாயையும் நீட்டினேன். டாக்டர் பணிக்கர் ஆலப்புழைக்காரர், முன்கோபி. தேதிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

"எடோ, இதை எழுதிக் கொடுத்தா உன் கன்ஃபர்மேஷன் நின்னுபோகும். தெரியுமில்லே?"

"தெரியும் சார்."

"இந்தக் குழாய நல்லாயிருக்குன்னு சொன்னது நான்தானே?" என்றார். ரெஜிஸ்டரை மூடினார். "சரி. ரோட்டு லைன்ல கொல்லவேண்டாம். சுபேதார் வீட்லயும் வேண்டாம். ஊசி நான் போடுவேன், நீ எந்த வீட்டுக்குள்ளயும் கேறாதே. ஆனா ஜனங்கட்ட நீயே சொல்லணும். நான் சொல்லமாட்டேன்."

ஸ்கூல் ஷெட்டில் எல்லாரையும் கூட்டினார்கள். எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். பறவை மேல் தப்பில்லை, நோயைக் கொண்டுவந்து கொடுத்தது என் கையும் சரியாகக் கழுவாத இந்தக் காக்கிக் குழாயும்தான் என்றேன். ஒரு மராட்டியர் எழுந்து, "கோயி பாத் நஹி, ஸாப்" என்றார். இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். பரவாயில்லையாம்! கோழியெல்லாம் பறிகொடுத்தவர்கள் சொல்கிறார்கள். சர்க்கார் ஆளிடம் வேறு என்ன சொல்வார்கள்? அதைவிட நாலு அடி கொடுத்திருக்கலாம். சுபேதார் மட்டும் கைகட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செல்லம்மா அக்காவுக்கு என் இந்தி சரியாகப் புரியவில்லை. புருஷன் அவர் காதில் தமிழில் சொன்னார். அக்கா விருட்டென்று எழுந்தார்.

"ஏன்டா தம்பி, நீயா? நான்ல ஒவ்வொண்ணா புடிச்சிப் புடிச்சி ஒங்கையில குடுத்தேன்! கழுவாத துணியில போட்டா எடுத்தே? இந்த மனுசன் அந்த வாயில்லா ஜீவனையெல்லாம் சுட்டு மூட்டை கட்டுனாரே, அப்பவாச்சும் வாயத் தொறந்தியா? படிச்சவனாம், சர்க்காராம்! நல்லா வருது வாயில!"

ஆறுமுகம் கையைப் பிடித்து இழுத்தார். அக்கா விடவில்லை. எனக்கு இந்த ஜென்மத்துக்குப் போதுமான அளவு திட்டினார். தலையைக் குனிந்து நின்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதைப் பார்த்தும் நிறுத்தவில்லை. மூச்சு வாங்கும்வரை திட்டிவிட்டுக் கேட்டார்: "அடுத்த கப்பல்ல கோழி வருமா?"

"வரும் அக்கா. டாக்டர் எழுதியிருக்கார்."

"வந்தா நீதான் வந்து பாக்கணும். வேற யாரு இருக்கா இந்தத் தீவுல?"

6. பிறகு

ரோட்டு லைன் பிழைத்தது. பல மாதம் கழித்து லேப் பதில் வந்தது. கோழிகளில் ராணிக்கெட். கரைப் பறவைகள் எதிலும் ஒன்றும் இல்லை. ஆறுமுகம் அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார், அப்புறம் கரைக்குத் துப்பாக்கி எடுத்துப் போகவில்லை. என் கன்ஃபர்மேஷன் தள்ளித் தள்ளிப் போய்க் கடைசியில்தான் வந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள், நிறையவே இருந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நோய் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பிக்கும்போது சந்தேகப் பட்டியலில் முதல் பெயராக உங்கள் பெயரை எழுதுங்கள். பறவை பதில் பேசாது என்பதால் அதன் பெயர்தான் முதலில் வாயில் வரும்.

புதுக் கோழி வந்த அன்று செல்லம்மா அக்கா வீட்டுக்குப் போனேன். படல் சாத்தியிருந்தது. அந்தப் பக்கம் வாளியில் தண்ணீரும் சோப்பும் வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"கையக் காட்டு."

காட்டினேன்.

"திருப்பு."

திருப்பினேன். நகக்கண் வரை பார்த்தார். "இன்னொரு தடவ கழுவு" என்று வாளியைப் படலுக்கு மேலாகத் தூக்கிக் கொடுத்தார். கழுவினேன். அதற்குப் பிறகுதான் படலைத் திறந்தார்.