யார் போவதென்று தெரியாமல் மூட்டை கட்டியவர்கள்

அன்று காலை அந்தப் பண்ணையில் எல்லா வீட்டு வாசலிலும் மூட்டையும் பெட்டியும் இருந்தன. போகிறவர்கள் மட்டுமல்ல, இருக்கப்போகிறவர்களும் கட்டிவைத்திருந்தார்கள். யார் போவது, யார் இருப்பது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

கல்யாணம் என்னை லண்டனுக்கு இழுத்து வருமுன், கனடாவில் பால் கறக்கும் இயந்திரம் திருத்திக்கொண்டிருந்தேன். அப்படித்தான் ஹட்டரைட் மக்களின் பண்ணைக்குப் போனேன். மதத்துக்காக ஐரோப்பாவில் நாடு நாடாகத் துரத்தப்பட்டு, கடல் கடந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். நிலம், மாடு, சமையல் எல்லாம் பொது. சனம் பெருகினால் வேறு நிலம் வாங்கி, எல்லாரும் சேர்ந்து வீடும் தொழுவமும் கட்டி, குடும்பங்களை இரண்டு பிரிவாக்குவார்கள். பிறகு சீட்டுக் குலுக்கல். சீட்டு விழுந்த பிரிவு புது இடத்துக்குப் புறப்பட்டுவிடும்.

மாட்டுப் பொறுப்பாளர் ஒரு பிரிவில், அவருடைய தம்பி மற்றதில். மந்தையை இரண்டாகப் பிரித்தவர் பொறுப்பாளர்தான். நல்ல கறவைகளை ஒரு பக்கமாக ஒதுக்கியிருக்கலாமே என்று சீண்டினேன். அவர் சொன்னதை என் பாஷையில் சொன்னால் இதுதான்: "எந்தப் பாதி எனக்கு வருமெண்டு தெரியாதே. பிறகு எப்பிடிக் கள்ளம் செய்ய ஏலும்?"

சீட்டு தம்பியின் பிரிவுக்கு விழுந்தது. பொறுப்பாளர் தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு அவரே நின்று மாடுகளை லொறியில் ஏற்றிவிட்டார். நானும் மூட்டை கட்டிப் பழகியவன்தான். ஆனால் சண்டை இல்லாமல் பிரிகிறவர்களை அன்றுதான் முதன்முதல் கண்டேன். மனம் நிறைந்துபோனது.

நம்மவர்கள் பிரிகிற அழகு ஊரறிந்தது. இப்போது லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருக்கும் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் இடம் போதாத அளவுக்குப் பிள்ளைகளின் தொகை கூடிவிட்டது. பாதிப் பேர் இன்னொரு மண்டபத்துக்குப் போகவேண்டும். போக ஒருவரும் தயாரில்லை. பள்ளியே உடைந்துவிடும் போலிருந்தது. கூட்டத்தில் எழுந்து அந்தப் பண்ணையின் வழக்கத்தைச் சொன்னேன். தலைவர் முகத்தைச் சுளித்து, "தம்பி, இது மாட்டுப் பட்டியில்லை," என்றார். ஆனாலும் அவருக்கும் வேறு வழி தெரியவில்லை; பள்ளியை இரண்டு பிரிவாக்கி, புது மண்டபத்தைத் திருத்தியபின் சீட்டுக் குலுக்குவதென்று முடிவானது.

அங்கே போகும் சீட்டு தங்கள் பிரிவுக்கு விழுந்துவிடுமோ என்ற பயத்தில் எல்லாரும் ஓடியோடி வேலை செய்தார்கள். ஒழுக்கு அடைபட்டது, சுவருக்குப் பெயின்ட் வந்தது. நல்ல ஆசிரியர்களும் இரண்டு பக்கமும் சமமாகப் பிரிந்தார்கள்.

போன சனிக்கிழமை சீட்டுக் குலுக்கினோம். போகவேண்டியது தலைவரின் பிரிவு. சண்டை கிளம்பப்போகிறது என்றே நினைத்தேன். அவர் பிள்ளைகளைப் பார்த்து, "புத்தகங்களை எடுங்கோ, வெளிக்கிடுவம்," என்றார். வாசலில் என்னைக் கடக்கும்போது மெல்லச் சொன்னார்:

"நல்லகாலம், அங்கத்தைய ஹீட்டரை நான் ஒழுங்காப் பூட்டினனான்."